சர்க்கரையின் வம்சமும் சம்பந்தியின் வம்சமும்

மகனுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. போடலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்து, வேண்டாம் என்றுதான் விட்டேன். நலம், நலமறிய ஆவல் என்றும் எழுத மனமில்லை. பெங்களூர்க் குளிர்ச்சியில் நீ நலமாகத்தான் இருப்பாய். செல்போனில் கூப்பிட்டால் "கிளாஸ் இருக்கும்மா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன். இதையும் பாதியில் மடித்து வைத்துவிடலாம், ஆனால் மீதி அந்தத் தாளிலேயே உனக்காகக் காத்திருக்கும். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை கவிதாவின் கல்யாணம் ஆவணியில் நடக்கும். பேசி முடித்த அதே பையன் பாஸ்கரோடுதான் நடக்கும். நீ நிறுத்தச் சொன்னாய், உன் சித்தப்பாவுக்குப் போன் போட்டு அவரையும் கிளப்பிவிட்டாய், அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் சொல்தான் செல்லும் என்று அவரும் வந்து என் கடையில் உட்கார்ந்து முழங்கிவிட்டுப் போனார். எல்லாம் கேட்டுக்கொண்டேன். கல்யாணம் நடக்கும்.

போன வருஷம் திருவள்ளூரில் அந்த நூலகக் கூட்டத்தில் நீ பேசினாயே, நினைவிருக்கிறதா? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொழிற்பேட்டையில் ஷிப்டு ஆட்கள் நாஷ்டாவுக்கு வருகிற நேரம், கடையை மாஸ்டரிடம் விட்டுவிட்டு, இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தேன். என் மகன் ஆங்கிலப் பேராசிரியர், ஒற்றை ஆங்கிலச் சொல்லை எடுத்து ஒரு மணி நேரம் பேசப் போகிறான் என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் நானாகவே சொன்னேன். சர்க்கரைக்கு ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, சுகர், அந்தச் சொல்லை நீ எடுத்தாய். ஆங்கிலேயனுக்கு அது சொந்தமில்லை, பிரெஞ்சுக்காரனிடம் வாங்கினான் என்றாய். பிரெஞ்சுக்காரன் இத்தாலிக்காரனிடம், அவன் அரபு வியாபாரிகளிடம், அவர்கள் பாரசீகத்தில், பாரசீகத்துக்கு அது போனது நம் பக்கத்துச் சமஸ்கிருதத்திலிருந்து என்று ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டே போனாய். ஒரு வீட்டிலும் நீ முகம் சுளிக்கவில்லை. கப்பலில் போனதையும் ஒட்டகத்தில் போனதையும் நீ சொன்ன அழகில் நானே கூடப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. கடைசியில் அடிவேரில் என்ன இருந்தது? சரளைக்கல். அந்தப் பழைய சொல்லுக்கு முதலில் பொடிக்கல், சரளை என்றுதான் அர்த்தமாம். பார்க்கப் பொடிக்கல் மாதிரி இருந்ததால் இந்தப் பண்டத்துக்கு அந்தப் பெயர் வந்ததாம். சபை முழுக்கக் கைதட்டியது. நான் கொஞ்சம் கூடவே தட்டினேன்.

அன்று நீ சொன்ன இரண்டு விஷயங்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்தேன். கலப்பில்லாத சொல் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, பல வீட்டுச் சோறு தின்று வளர்ந்த சொல்தான் தெம்பாக இருக்கும் என்றாய். அது ஒன்று. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "எல்லா வார்த்தைக்கும் இப்படி மூலம் கிடைக்குமா சார்?" என்று கேட்டார். கிடைக்காது, பல சொற்களுக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, நல்ல அகராதி 'மூலம் தெரியவில்லை' என்று நேர்மையாகப் போட்டுவிடும், அதில் அந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை என்றாய். அது இரண்டாவது. மறுநாள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் டீ கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் சர்க்கரையின் கதையைச் சொன்னேன். தகர ஷீட்டு கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர், "உங்க புள்ள சக்கரைக்கே ஜாதகம் எழுதிட்டாரு போல" என்று சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. இப்போது அந்தக் கூட்டத்தை நினைத்தால் எரிகிறது. அந்தப் பேச்சு உன் வாயிலிருந்து வந்ததா, இல்லை ஏதோ புத்தகத்திலிருந்து வந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது.

பாஸ்கர் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று நீ இல்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறேன், நீயே பார்த்து முடிவு பண்ணும்மா என்று சொன்னவன் நீ. பாக்கு வெற்றிலை மாற்றுகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிற நேரத்தில்தான் உனக்கு அண்ணன் என்கிற பொறுப்பு பொத்துக்கொண்டு வந்தது. விசாரிக்காமல் எப்படிப் பெண் கொடுப்பது என்று கிளம்பிவிட்டாய். விசாரிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அது வழக்கம்தான். பையன் ஊர் டீக்கடையில் போய் உட்கார்ந்து, யாரோ மாதிரி பேச்சுக் கொடுத்து, பிள்ளை குடிக்கிறானா, வீட்டில் கை நீட்டுகிறவர்கள் உண்டா, சம்பளத்தை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுக்கிறானா என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவார்கள். நீ கவரைப்பேட்டைக்கு லோக்கல் ரயிலில் போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இதில் எதையுமே கேட்கவில்லை. பையன் வாழ்கிற வாழ்க்கையை விட்டுவிட்டு, பையனுடைய அப்பனுக்கு அப்பன் யார் என்று தோண்டினாய்.

திரும்பி வந்து நீ நின்ற நிற்பு என் கண்ணிலேயே இருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, நான் அப்பவே சொன்னேன்ல, விசாரிக்காம எதையும் பண்ணாதன்னு" என்று ஆரம்பித்தாய். "இன்னாடா?" என்றேன். "பாஸ்கரோட அப்பாவுக்கு அவரு அப்பா யாருன்னே தெரியாதாம்மா. ரயில் பாதைக்கு சரளை கொட்ட வந்த கூட்டத்தோட சின்ன வயசுல வந்தவராம். கூட்டம் போச்சு, இவரு மட்டும் இங்கியே தங்கிட்டாராம். ஊரு தெரியாது, சனம் தெரியாது, ஒண்ணும் தெரியாது." யாரு சொன்னாங்க என்று கேட்டேன். "டீக்கடையில ஒரு பெரியவரு. ரொம்ப நல்ல மனுஷன். எனக்கு டீ வாங்கிக் குடுத்து, பொறுமையா எல்லாத்தையும் சொன்னாரு. எவ்ளோ பேரு இந்தக் காலத்துல இப்படி உண்மைய சொல்லுவாங்க?" என்று அவருக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தாய். பக்கத்து அறையில் கவிதா இருக்கிறாள் என்று தெரிந்தே, "இந்த எடத்துல பண்ணினா எனக்குத் தங்கச்சியே இல்ல. எங்க காலேஜ்ல மாப்ள வீடு எதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" என்று கத்திவிட்டு, அன்று சாயந்திரமே ரயிலேறிவிட்டாய். அவள் அப்போது அழவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அம்மா, நான் அவுங்க தாத்தாவயா கட்டிக்கப் போறேன்?" என்று கேட்டாள். ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் பிசைந்துவிட்டு எழுந்துபோனாள்.

இரண்டு நாள் கழித்து, நாஷ்டா முடிந்து சாப்பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த நேரத்தில் சம்பந்தி கடைக்கு வந்தார். பாஸ்கருடைய அப்பாதான். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, சைக்கிளை நிழலில் நிறுத்திவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். "ஒரு டீ குடு தங்கச்சி" என்றார். டீயை ஆற்றிக் குடித்து முடித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "உங்க புள்ள நம்ம ஊருக்கு வந்துகினு போனாரு. என் பக்கத்துலதான் குந்தினாரு."

எனக்குக் கையிலிருந்த அரிசி நழுவிவிட்டது. ஆமாம், நீ பேசிக்கொண்டிருந்த அந்த நல்ல மனுஷன், உனக்கு டீ வாங்கிக் கொடுத்த அந்தப் பெரியவர், பாஸ்கருடைய அப்பாதான். அவர் முகத்தை நீ பார்த்ததில்லை. அவர் உன்னை நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற பட்டமளிப்புப் படத்தில் பார்த்திருக்கிறார்.

"பாஸ்கர் ஊட்ட பத்தி கேட்டாரு. அப்புறம் பாஸ்கரோட அப்பன பத்தி கேட்டாரு. அவன் எப்படிப்பட்டவன், எந்த ஊரான், யாரு புள்ளன்னு. நான்தாம்பா அதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அந்தப் புள்ள மூஞ்சி இன்னா ஆவும்? படிச்ச புள்ள, நாலு பேரு எதிர்ல கூசிப்போயிடும்னு உட்டுட்டேன். அதான், யாரோ ஒருத்தன பத்தி சொல்ற மாதிரி, உள்ளத உள்ளபடி சொன்னேன்" என்றார். "அண்ணே, அவன் பண்ணதுக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நீ ஒண்ணும் சொல்லாத தங்கச்சி. உனக்கு நான் மொதல் நாளே சொல்லிட்டேன். எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணுதான். கல்யாணம் இருக்குதா, இல்லியா? பையன் சரியாத் துன்ன மாட்றான்."

அதைப் படித்தாயா? முதல் நாளே சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று, மற்றவர்கள் கூடத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, அவர் அடுப்படி வாசலுக்கு வந்து நின்று என்னிடம் சொன்னார். "தங்கச்சி, பின்னாடி யாரோ சொல்லித் தெரியறத விட நானே சொல்லிடறேன். எனக்கு முன்னாடி யாரும் இல்ல. எங்க வம்சம்னா அது என்கிட்டயிருந்துதான் ஆரம்பம். இஷ்டமிருந்தா மேல பேசலாம், இல்லன்னா பஜ்ஜி நல்லாயிருந்துச்சு, போய்ட்டு வரோம்." எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். நீ ரயிலேறிப் போய்த் துப்பறிந்து கொண்டுவந்த மர்மத்தை அந்த மனிதர் நம் அடுப்படியில் தானாகவே இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். இதை நான் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பேன். நீ பேசவிட்டால்தானே?

இப்போது எனக்கு ஒன்று விளங்கவில்லை, பேராசிரியரே, நீர்தான் விளக்க வேண்டும். சுகர் என்கிற சொல் சரளைக்கல்லில் பிறந்து, ஊர் ஊராகத் திரிந்து, போகிற வீட்டிலெல்லாம் பேரை மாற்றிக்கொண்டு வந்தால் உனக்கு மேடை, மைக், பொன்னாடை. ஒரு மனிதர் சரளை கொட்டுகிற கூட்டத்தோடு வந்து, ஒரே ஊரில் தங்கி, ஒரே பெயரில் வாழ்ந்து, ஒரு பிள்ளையை ஐ.டி.ஐ. படிக்க வைத்து கிரேன் ஆபரேட்டர் ஆக்கினால் அவர் வீட்டுக்குப் பெண் கொடுக்கக் கூடாதா? மூலம் தெரியவில்லை என்று எழுதுகிற அகராதி நேர்மையான அகராதி. தெரியாது என்று சொல்கிற மனிதர் மட்டும் கேவலமா? நீ சொல்லுக்குக் காட்டிய மரியாதையில் கால் பங்கு மனிதருக்குக் காட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. நான் பத்தாவதோடு நின்றவள், இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

வம்சம்தான் வேண்டும் என்றால் நம் வீட்டிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். உன் அப்பாவை நீ வாய் நிறைய நைனா, நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தாயே, அது எந்த ஊர்ச் சொல்? ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தெலுங்கு தேசத்திலிருந்து வந்தது. சொல் மட்டும் தனியாக நடந்து வந்ததா, யாராவது தூக்கிக்கொண்டு வந்தார்களா? யார் என்று கேட்டால் உன் சித்தப்பாவுக்கே தெரியாது, அவர் இப்போது வம்சம் பேசுகிறார். என் கடைப் பலகையில் எழுதியிருக்கிறதே நாஷ்டா, அதுவும் பாரசீகத்துச் சொல் என்று நீதான் சொன்னாய். அந்தச் சொல்லை விற்றுத்தான் உனக்குக் காலேஜ் பீஸ் கட்டினேன். அதெல்லாம் போகட்டும். உன் பெண்டாட்டியை எடுத்துக்கொள். கூட வேலை பார்க்கிற பெண், மைசூர்ப் பக்கம், பிடித்துப்போயிற்று, கட்டிக்கொள்கிறேன் என்றாய். மைசூரில் எந்த டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தேன்? அவளுடைய தாத்தா யாரென்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்து ஆக வேண்டியதும் ஒன்றுமில்லை. அவள் நல்ல பெண். நேற்று அவளே போன் போட்டு, தெரிந்த அரைத் தமிழில், "அத்தே, இவரு வரலைன்னாலும் நான் பர்றேன், கவிதாக்கு சேலே எடுத்தாச்சு" என்றாள். உனக்கு அவள் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்லிவிட்டேன்.

நானும் விசாரித்தேன். என் விசாரிப்பு வேறு மாதிரி. கடை நடத்துகிறவளுக்கு மனிதர்களைப் பார்க்கப் பெஞ்சைத் தேடிப் போக வேண்டியதில்லை, பெஞ்சே என்னுடையதுதான். பாஸ்கர் இந்தச் சம்பந்தமெல்லாம் பேசுவதற்கு முன்பிருந்தே என் கடையில் நாஷ்டா தின்றவன். தின்ற இலையைத் தானே எடுத்துப் போடுவான். சாம்பார் தீர்ந்துவிட்டது என்றால் சட்னி போதும் என்பான். மாஸ்டரை ஒரு நாளும் டேய் என்று கூப்பிட்டதில்லை. கூட வேலை பார்க்கிற ஒருவனுக்குக் கை நசுங்கியபோது, அவனுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டு, பிறகு தான் சாப்பிட்டான். கவிதா தான் வேலை பார்க்கிற கம்பெனிப் பாக்கிங் செக்‌ஷனிலிருந்து வந்து கல்லாவில் உட்கார்ந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடுவான். ஒரு பெண்ணைக் கொடுக்க எனக்கு இது போதும். நீ இந்தக் கடையில் வளர்ந்தவன், உனக்கும் இந்தக் கண் இருக்க வேண்டும். எங்கே தொலைத்தாய் என்று தெரியவில்லை. உனக்கு ஒரு மகளோ மகனோ பிறந்து, அவர்களுக்கு இடம் பார்க்கிற காலம் வந்தால், ஆள் சாப்பிட்டு முடித்த பிறகு என்ன செய்கிறான் என்று பார். அவன் தாத்தாவை விட்டுவிடு.

இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிற தாய்தகப்பன்கள், நானும் அந்தக் காலத்தில் தப்புச் செய்தவள்தான் என்று ஒன்றை ஒத்துக்கொண்டு, அழுது, கடைசியில் பிள்ளையை மன்னித்துவிடுவார்கள். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. நானும் தப்புகள் செய்திருப்பேன், அவற்றை எடுத்துக் கொடுத்து உன் தப்புக்குத் துணை அனுப்ப மாட்டேன். உன் மேல் எனக்குக் கோபம். நீ சின்னவனாக இருந்தபோது சர்க்கரை டப்பாவைத் திறந்து அள்ளித் தின்றுவிட்டு, வாயெல்லாம் ஒட்டியிருக்க, நான் இல்லை என்று நிற்பாய். அப்போது அடிக்கக் கை வராது, சிரிப்பு வந்துவிடும். இப்போது சிரிப்பு வரவில்லை.

பத்திரிகை அடித்தாயிற்று. இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உன் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அச்சகத்துக்காரர் தயங்கினார், கவிதா தடுக்கவில்லை. சம்பந்திதான் கேள்விப்பட்டு ஓடிவந்தார். "பொண்ணுக்கு அண்ணன் பேரு இல்லாம எப்படித் தங்கச்சி? எனக்குத்தான் மேல எழுதிக்க யாரும் இல்ல. இருக்கிறவங்க பேர ஏன் அழிக்கிற?" என்றார். அவர் சொன்னதற்காகத்தான் உன் பெயர் அதில் இருக்கிறது. எனக்காக இல்லை. படிக்கும்போது அது யார் போட்ட பெயர் என்பது உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியது மச்சான். உன் சித்தப்பா மகன் தயாராக இருக்கிறான், அப்பனை மீறிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான். ஆனாலும் மாலை யாருக்கு என்று நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. கல்யாணக் கூடத்து வாசலில் சந்தனம், பன்னீர், சர்க்கரைத் தட்டு வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் யார், எந்த ஊர், யார் பிள்ளை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். தட்டை நீட்டுவார்கள், அவ்வளவுதான். அன்று அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறவர் சம்பந்தி. நீ வந்தால் உனக்கும் நீட்டுவார், டீக்கடையில் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவே மாட்டார். நான் உள்ளே தூணோரமாக நின்று உன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, "டீ வாங்கிக் குடுத்தது நீங்கதானே மாமா" என்று நீயாகச் சொன்னால் மாலை உன் கைக்கு வரும். சொல்லாவிட்டால் பந்தியில் இடம் இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா